சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வேலை தேடுகிற பிள்ளைகளோடு தொழில் வழிகாட்டல் உத்தியோகத்தராகப் பல வருடங்களாகப் பேசி வருகிறேன். வந்து இருந்ததும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சம்பளம் எவ்வளவு வரும், ஐயா?" அதில் பிழையில்லை. வீட்டில் நுண்கடன் இருக்கும், தங்கச்சி உயர்தரம் படிப்பாள், அம்மாவுக்கு மாதாமாதம் மருந்து வாங்க வேண்டும். ஆனால் உலகம் முழுக்க வேலை மாறிக்கொண்டிருக்கிற விதத்தைப் பார்த்தால், அதற்கு முன் இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும். எனக்கு வேலை தருபவர் யார்? நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் பதில் சொல்லப் போவது யார்?

முன்பு இதைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவருக்குத் தொழிற்சாலை இருந்தது. அருவி வெட்டப் போனவருக்கு வயல்காரர் இருந்தார். அரச உத்தியோகத்தருக்குத் திணைக்களம். கூலி குறைவாக இருந்திருக்கலாம், ஆனால் யாருடைய வாசலில் போய் நிற்பது என்று தெரிந்திருந்தது.

இன்றைக்கு ஒரு மேசன் தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் வன்னி முழுக்க வீடு கட்டும் வேலை. இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகள். மண்வெட்டி பிடித்தவன் எல்லாம் சாந்தகப்பை பிடித்தான். வீட்டுத்திட்டங்கள் ஓய்ந்ததும் அந்தக் கைகளுக்கு இங்கே வேலை இல்லை. கொழும்பில் மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் போகிறான். கட்டடம் ஒரு கம்பனியுடையது, கட்டுவது இன்னொரு கம்பனி, பூச்சு வேலை ஒரு கொந்தராத்துக்காரருக்கு, அவர் கீழே இன்னொரு கொந்தராத்துக்காரர், அவருக்குக் கீழேதான் நம்முடைய தம்பி. சாரத்திலிருந்து விழுந்தால் இந்த வரிசையில் யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்? தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இந்த நாட்டில் 1934 முதல் இருக்கிறது. ஆனால் தன்னை வேலைக்கு எடுத்தவரின் முழுப் பெயர்கூடத் தெரியாதவன் அந்தச் சட்டத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

வயலிலும் இதே கதைதான். காலபோக அறுவடைக்கு இப்போது மிசின் வெட்டு. வேறு மாவட்டங்களில் இருந்துகூட மிசின்கள் வந்து இறங்கும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, வெட்டி, நெல்லை மூடையாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வயல்காரருக்கு நல்லது, மழைக்கு முன் நெல் வீடு சேர்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அருவி வெட்டிலும் சூடடிப்பிலும் கூலி எடுத்த பெண்களுக்கு அந்த நாட்கள் போய்விட்டன. அவர்களில் எத்தனையோ பேர் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் இப்போது விடிவதற்கு முன் ரோட்டுக்கரையில் நின்று ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறார்கள், அல்லது டவுனில் கடைகளில் நிற்கிறார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த மாற்றம் இல்லை. 1919 இல் சர்வதேச தொழில் அமைப்பு தொடங்கியபோது நிறைவேற்றிய முதலாவது சமவாயமே ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்பதுதான். ஒரு முதலாளி, ஒரு வேலைத்தளம், குறித்த நேரம், கடைசியில் ஓய்வூதியம் என்ற வாழ்க்கையை நாம் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் உலகத் தொழிலாளரில் பத்துக்கு ஆறு பேர் முறைசாரா வேலைகளில்தான் இருக்கிறார்கள் என்று அதே அமைப்பு 2018 இல் கணக்கிட்டது. அந்த வழக்கத்துக்குள் இருந்த நாடுகளிலும் இப்போது அது குலைகிறது. 2020 இல் கொரோனா வந்து அலுவலகத்தை வீட்டுக்குள் கொண்டு வந்தது. வேலை நேரம் முடிந்த பிறகு ஊழியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று போர்த்துக்கல் 2021 இல் சட்டம் போட்டது. வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்று பிரித்தானியாவில் 2022 இல் 61 நிறுவனங்கள் பரீட்சித்துப் பார்த்தன. அதே 2022 இல் இங்கேயும் அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்தது. ஆனால் அது எரிபொருள் இல்லாததாலும், வீட்டுத்தோட்டம் செய்து பஞ்சத்தைத் தாண்டுவதற்காகவும் வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் செயலி வழி வேலை. ஊபர் சாரதிகள் தொழிலாளர்களா, சுயதொழில் செய்பவர்களா என்ற வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 பெப்ரவரியில் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்துடன் கூடிய லீவும் அவர்களுக்கு உண்டு. உணவு விநியோகிக்கும் இளைஞர்களுக்காக ஸ்பெயின் அதே வருடம் சட்டம் கொண்டு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இதற்கென்று ஒரு பணிப்புரையை ஏற்றுக்கொண்டது. அங்கெல்லாம் நீதிமன்றமும் பாராளுமன்றமும் மாறிமாறிக் கேட்டது இதே கேள்வியைத்தான்: பொறுப்பு யாருக்கு? கொழும்பில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற வன்னிப் பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். செயலி அவர்களைப் பங்காளர் என்று அழைக்கும். மழைநாளில் சறுக்கி விழுந்து கால் முறிந்தால் அந்த மாதம் வருமானம் இல்லை. ஆகவே அவர்களிடம் நான் முதலில் கேட்பது: விபத்துக் காப்புறுதி இருக்கிறதா, அது எந்த நேரத்தில் செல்லுபடியாகும், ஓடர் எடுத்த பிறகு மட்டுமா?

சரி, ஊருக்குள் இருக்கிற வேலைக்கு வருவோம். ஒரு தங்கச்சி, டவுனில் ஒரு கடையில் மூன்று வருடத்துக்கு மேல் நின்றவர், கல்யாணம் ஆகி வேலையை விட்டதும் வந்தார். ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாமா என்று கேட்டார். இலக்கம் இருக்கிறதா என்றேன். இல்லை. சம்பளச் சீட்டு? அதுவும் இல்லை, கையில்தான் காசு கொடுத்தார்கள். முதலாளி சொன்ன காரணம், "நீ தற்காலிகம்தானே பிள்ளை." பாவம், அந்தத் தங்கச்சியும் அதை நம்பிக்கொண்டிருந்தார்.

இதைத் தெளிவாகச் சொல்கிறேன். தற்காலிகம், நாட்கூலி, துண்டுக்கூலி, பகுதிநேரம் என்ன பெயர் வைத்தாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒரேயொரு ஊழியர் இருக்கிற கடைக்கும் அது பொருந்தும். உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 30,000 ரூபா சம்பளம் என்றால் முதலாளி தன் கையிலிருந்து மாதம் 4,500 ரூபா உங்கள் பெயரில் போட வேண்டும். மூன்று வருடத்துக்கு அது 1,62,000 ரூபா. உங்கள் பங்கைச் சேர்க்காமலே இவ்வளவு. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம்.

கழிக்கிறார்கள், ஆனால் கட்டுவதில்லை என்ற கூத்தும் நடக்கிறது. சம்பளச் சீட்டில் 8 வீதம் போயிருக்கும், மத்திய வங்கியில் உங்கள் கணக்கில் ஒன்றும் விழுந்திருக்காது. ஒரு மாதத்துக்கான காசை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டாமல் பிந்தினால் முதலாளிக்கு மேலதிகக் கட்டணம் ஏறும். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இனி ஒன்லைன் வேலை. நாம் அதிகம் பேசாதது, பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இதில்தான். அக்கராயனிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரருக்கு லோகோ வடிவமைக்கலாம், வீடியோ எடிட் பண்ணலாம், கணக்கு எழுதலாம். இப்படி வேலை எடுக்கிற இணையத்தளங்களில் பைவர் 2010 இல் வந்தது, அப்வேர்க் 2015 முதல் அந்தப் பெயரில் இருக்கிறது. காசு பயோனியர் போன்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவைகள் வழியாக வந்து வங்கியில் சேரும். திறமையான பிள்ளைக்கு இது நல்ல வாசல். எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை உண்டு, விசேஷமாகச் சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கும் நடமாடக் கஷ்டமானவர்களுக்கும். ஆனால் கண்ணைத் திறந்து போக வேண்டும். கணக்கு உங்கள் சொந்தப் பெயரில், உங்கள் சொந்த அடையாள அட்டையில் இருக்க வேண்டும். நண்பனின் கணக்கை வாடகைக்கு எடுத்து வேலை செய்து, ஒருநாள் அது முடக்கப்பட்டதும் உள்ளே கிடந்த டொலரைக் கேட்க உரிமையில்லாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்குச் சேவை செய்து உழைக்கிற வருமானத்துக்கும் 2025 ஏப்ரல் முதல் வரி உண்டு. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாவுக்கு மேல் போனால் அதிகபட்சம் 15 வீதம். சாதாரண லோகோ, சாதாரண மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு விலை விழுந்துவிட்டது. அந்த அடிமட்ட வேலையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

அப்புறம், இந்த வட்ஸ்அப், டெலிகிராம் "பகுதிநேர வேலை". யூடியூப் வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு நல்ல கருத்து எழுது, நாளுக்கு இவ்வளவு. முதல் இரண்டு நாள் உண்மையாகவே சில நூறு ரூபா வங்கியில் விழும். பிறகு, "பெரிய வேலை இருக்கிறது, முதலில் 5,000 கட்டுங்கள், 7,000 ஆகத் திரும்பி வரும்." அதுவும் வரும். நகையை அடகு வைத்து ஒரு இலட்சம் போட்டதும் ஆள் இருக்காது. வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. இதைவிட ஆபத்தானது, "உங்கள் வங்கிக் கணக்கை மட்டும் தாருங்கள், வருகிற காசை எடுத்து அனுப்பினால் கொமிஷன்" என்பது. அது இன்னொருவரிடம் ஏமாற்றிய காசு. பொலிஸ் தேடி வருவது கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். ஏ.டி.எம். அட்டையைக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்துக்கு அலைகிற இருபது வயதுப் பிள்ளையின் தாயோடு பேசுவது லேசான காரியம் இல்லை.

வெளிநாட்டுப் பயணமும் இப்படித்தான். 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டு வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. முறையாகக் கொரியா மொழிப் பரீட்சை எழுதிப் போனவர்கள் ஊரில் வீடு கட்டியிருக்கிறார்கள், வயல் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கம்பியூட்டர் வேலை என்று சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்கு அழைத்துப் போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் இலங்கைப் பிள்ளைகளை அடைத்து வைத்ததும் நடந்தது. இங்கிலாந்தின் பராமரிப்பாளர் விசா இன்னொரு பாடம். 2022 இல் திறந்தது, 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது என்றார்கள், 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு நாட்டின் விசாக் கதவு மூன்றரை வருடத்துக்குள் திறந்து மூடுகிறது. ஆனால் அதற்காக ஏஜென்சிக்குக் கட்ட விற்ற காணி திரும்பி வராது. அந்தக் கதவு மூடிய பிறகும் அதே விசா என்று சொல்லிக் காசு கேட்கிறவர் இருந்தால் உடனே விலகிவிடுங்கள். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி பெற்றிருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

அரச வேலைக்காகக் காத்திருக்கிற பட்டதாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2017 இல் யாழ்ப்பாணத்தில் வெயிலில் இருந்து போராடிய பிள்ளைகளின் நியாயம் எனக்குப் புரியும். ஆனால் முப்பது வயது வரை வேறொன்றும் தொடாமல் காத்திருப்பது பெரிய இழப்பு. காத்திருக்கிற காலத்தில் கையில் ஒரு சான்றிதழ் சேரட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 முதல் இயங்குகிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் பல இடங்களில் உண்டு. ஏற்கெனவே தொழில் தெரிந்த மேசன், வயரிங், வெல்டிங் ஆட்கள் மறுபடி வகுப்பில் இருக்கத் தேவையில்லை. செய்து காட்டி, அனுபவத்தைக் காட்டி, தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழை மதிப்பீட்டின் மூலம் பெறலாம். முதலாளி மாறலாம், நாடு மாறலாம், அந்தச் சான்றிதழ் உங்களோடு வரும். முதலாளியே இல்லாத சுயதொழில்காரர், முறிகண்டியில் கச்சான் விற்கிறவர் முதல் வீட்டில் தைக்கிறவர் வரை, சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் விபரம் சொல்வார்கள்.

கடையில், தொழிற்சாலையில், கொந்தராத்தில் ஏற்கெனவே அநியாயம் நடந்துவிட்டது என்றால், நியமனக் கடிதம் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சம்பளம் பற்றி வந்த குறுஞ்செய்தி, காசு விழுந்த வங்கிக் கூற்று, வேலைத்தளத்தில் எடுத்த போட்டோ, வரவுப் புத்தகத்தின் படம், கூட வேலை செய்த ஒருவரின் வாக்குமூலம், இதில் எது கையில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். முதலாளியை அழைத்து விசாரிப்பது அவர்களுடைய வேலை.