85-ஆவது கேள்வியில் திரை நின்றால் பாஸா, ஃபெயிலா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ பதிவுபெற்ற செவிலியராக வேலை செய்ய என்சிலெக்ஸ் என்ற உரிமத் தேர்வை எழுத வேண்டும். இதில் கேள்விகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், கணினி முடிவுக்கு வந்ததும் தேர்வு நின்றுவிடும். வெளிநாட்டில் படித்தவர்கள் பலர் ஆஸ்திரேலியாவில் பதிவு பெறவும் 2020 முதல் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். தேர்வு முடிந்து வெளியே வந்தவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை கேள்வி வந்தது?" என்பதுதான். 85-இல் நின்றது என்றால் கைகுலுக்குவார்கள், 150 வரை போனது என்றால் முகம் வாடிவிடும். இரண்டுக்கும் அடிப்படை இல்லை. 85-இல் நின்று ஃபெயிலானவர்களும் உண்டு, 150 வரை போய் பாஸானவர்களும் உண்டு. கேள்விகளின் எண்ணிக்கை உங்கள் திறமையைச் சொல்வதில்லை, முடிவுக்கு வர கணினிக்கு எவ்வளவு நேரம் சந்தேகம் இருந்தது என்பதைத்தான் சொல்கிறது.

இந்தத் தேர்வை நடத்துவது அமெரிக்க மாநில செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில். காகிதத்தை விட்டுக் கணினித் தகவமைப்பு முறைக்கு (உங்கள் விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வியைக் கணினியே தேர்ந்தெடுக்கும் முறை) மாறியது 1994-இல். 2023 ஏப்ரல் 1-இல் "நெக்ஸ்ட் ஜெனரேஷன்" வடிவம் வந்தது. இப்போதைய வரம்பு குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், மொத்த நேரம் 5 மணி. ஒரு காலத்தில் 75 முதல் 265 கேள்விகள், 6 மணி நேரம் என்று இருந்தது. பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இன்னும் 265-க்குப் பயப்படுகிறார்கள். உங்கள் கையில் உள்ள குறிப்பில் அந்த எண் இருந்தால் அதைத் தூக்கி வைத்துவிடுங்கள், அதில் வேறு விதிகளும் பழையதாகவே இருக்கும்.

கணினி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே போவதில்லை

பள்ளி, கல்லூரித் தேர்வுகளில் பழகிய நமக்கு, சரியான விடைகளைக் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று பார்க்கும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே அந்தக் கணக்கு உதவாது. கேள்வி வங்கியில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் அதன் கடினத்தைக் குறிக்கும் ஓர் எண் முன்பே தரப்பட்டிருக்கிறது. அந்த எண்ணின் அலகு லாஜிட். உங்கள் திறனும் அதே அளவுகோலில்தான் அளக்கப்படுகிறது. உங்கள் திறனும் கேள்வியின் கடினமும் சமமாக இருந்தால், அதற்குச் சரியாக விடை சொல்ல 50 சதவீத வாய்ப்பு. திறன் 1 லாஜிட் கூடுதலாக இருந்தால் 73 சதவீதம், 2 லாஜிட் கூடுதல் என்றால் 88 சதவீதம். 1 லாஜிட் குறைவாக இருந்தால் 27 சதவீதம்தான்.

ஒவ்வொரு விடைக்குப் பிறகும் கணினி உங்கள் திறனை மறுபடி மதிப்பிடுகிறது. அடுத்த கேள்வியாக, அந்த மதிப்பீட்டுக்கு நெருக்கமான கடினம் உள்ள ஒன்றைத் தேடி எடுக்கிறது. நீங்கள் சரியாகச் சொல்லவும் தவறவும் ஏறக்குறைய சம வாய்ப்பு இருக்கும் கேள்விதான் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது அதன் தர்க்கம். வெகு எளிதான கேள்விக்கு எல்லோரும் விடை சொல்லிவிடுவார்கள், வெகு கடினமான கேள்வியில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். இரண்டிலும் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இதிலிருந்து ஒரு விசித்திரமான விளைவு வருகிறது. நன்றாகப் படித்தவரும் சுமாராகப் படித்தவரும் இருவருமே ஏறக்குறைய பாதிக் கேள்விகளுக்குத்தான் சரியாக விடை சொல்வார்கள். முதலாமவர் கடினமான கேள்விகளில் பாதி, இரண்டாமவர் எளிதான கேள்விகளில் பாதி. ஆகவே "எல்லாமே கஷ்டமாக இருந்தது, பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும்" என்று அழுதுகொண்டு வெளியே வருபவர் பாஸாகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "ரொம்ப ஈஸி" என்று வருபவர்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டியிருக்கும். ஆனால் இந்த இரண்டு உணர்வையும் வைத்துக்கூட முடிவு சொல்லிவிட முடியாது. நீங்கள் வலுவாகப் படித்த பகுதியில் கடினமான கேள்வியும் உங்களுக்கு எளிதாகத்தான் தோன்றும்.

தேர்ச்சிக் கோடு என்பது இந்த அளவுகோலில் ஒரு புள்ளி. பதிவுபெற்ற செவிலியர் தேர்வுக்கு அது 2013 ஏப்ரலில் 0.00 லாஜிட் என்று வைக்கப்பட்டது. பூஜ்யம் என்றால் பூஜ்ய மதிப்பெண் இல்லை, அளவுகோலின் நடுவில் குறித்த ஓர் இடம், அவ்வளவுதான். கவுன்சில் 3 ஆண்டுக்கு ஒருமுறை நிபுணர் குழுவை வைத்து அந்தக் கோட்டை மறுபரிசீலனை செய்கிறது. புதிதாக வேலைக்கு வரும் செவிலியர் நோயாளிக்குத் தீங்கு நேராமல் பணிசெய்ய எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதை வைத்தே கோடு போடப்படுகிறது. இத்தனை பேரைத்தான் தேர்ச்சி பெற விடுவோம் என்ற ஒதுக்கீடு கிடையாது. அன்று உங்களோடு எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதும் உங்கள் முடிவைத் தொடாது.

மூன்று விதிகள், ஒரே கேள்வி

"இவருடைய திறன் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?" இதைத்தான் கணினி திரும்பத் திரும்பத் தன்னிடமே கேட்டுக்கொள்கிறது. எப்போது நிறுத்துவது என்பதற்கு மூன்று விதிகள் இருக்கின்றன.

பெரும்பாலோருக்குப் பொருந்துவது 95 சதவீத உறுதி விதி. ஒவ்வொரு மதிப்பீட்டிலும் கொஞ்சம் பிழை இருக்கும். கேள்விகள் கூடக்கூட அந்தப் பிழை குறையும். ஒரு கேள்விக்கு ஒரு மதிப்பெண் என்று எளிமையாக வைத்துக்கொண்டு போட்ட தோராயக் கணக்கில், 70 கேள்விகளுக்குப் பிறகு பிழையின் அளவு சுமார் 0.24 லாஜிட், 135 கேள்விகளுக்குப் பிறகு சுமார் 0.17 (85-இலும் 150-இலும் மதிப்பிடப்படாத 15 கேள்விகளைக் கழித்தால் வரும் எண்கள் இவை). இதைக் கிட்டத்தட்ட இரண்டால் பெருக்கி உங்கள் மதிப்பீட்டுக்கு இருபுறமும் வைத்தால், உங்கள் உண்மையான திறன் இருக்கக்கூடிய வீச்சு கிடைக்கும். அந்த வீச்சு முழுவதும் கோட்டுக்கு மேலே போய்விட்டால் பாஸ், முழுவதும் கீழே இறங்கிவிட்டால் ஃபெயில். இரண்டில் எது நடந்தாலும் தேர்வு அங்கேயே நிற்கும். ஆனால் 85-க்கு முன்னால் நிற்காது.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய மதிப்பீடு குறைந்தபட்சக் கேள்விகள் முடியும்போது +0.6. வீச்சின் அடி விளிம்பு சுமார் +0.13, கோட்டுக்கு மேலேயே இருக்கிறது, ஆகவே 85-இல் திரை நின்றுவிடும். இன்னொருவருடைய மதிப்பீடு +0.2. அவருடைய வீச்சு சுமார் −0.27 வரை இறங்குகிறது. கணினிக்கு உறுதி வராது, கேள்விகள் தொடரும். கடைசி வரை அவர் +0.2-இலேயே இருந்தாலும், பிழை 0.17 என்னும்போது வீச்சு இன்னும் கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். இவர் 150 வரை போவார்.

150-ஐத் தொட்டதும் இரண்டாவது விதி வருகிறது. இனி உறுதி பார்ப்பதில்லை, கடைசி மதிப்பீட்டை மட்டும் பார்ப்பார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் பாஸ். கோட்டின் மேலேயே சரியாக நின்றாலும், கீழே இருந்தாலும் ஃபெயில். மேலே சொன்ன +0.2 காரர் பாஸ்தான். அவருக்குக் கிடைக்கும் உரிமம் 85-இல் முடித்தவருக்குக் கிடைத்ததைப் போன்றதே, கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

மூன்றாவது, நேரம் தீர்ந்துபோகும் விதி. இதில்தான் பழைய தகவல் அதிகம் உலவுகிறது. முன்பு கடைசி 60 மதிப்பீடுகளும் கோட்டுக்கு மேலே இருந்தனவா என்று பார்த்தார்கள். இப்போது அப்படி இல்லை. குறைந்தபட்ச எண்ணிக்கையை நீங்கள் எட்டவில்லை என்றால் நேரே ஃபெயில். எட்டியிருந்தால், அதுவரை எழுதிய எல்லாவற்றையும் வைத்துக் கிடைத்த இறுதி மதிப்பீடு கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இந்த விதி உங்கள் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். 300 நிமிடங்கள், 150 கேள்விகள், ஆகக் கேள்விக்கு 2 நிமிடம். தொடக்க விளக்கத் திரைகளும், 2 மணி நேரத்திலும் மூன்றரை மணி நேரத்திலும் வரும் விருப்ப இடைவேளைகளும் அந்த 300 நிமிடத்துக்குள்ளேயே அடக்கம். கடைசி அரை மணியில் பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் என்ன ஆகும்? தவறான விடைகள் வரிசையாக வரும், மதிப்பீடு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும், அந்தக் கடைசி மதிப்பீட்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். குறைந்தபட்சத்தைத் தாண்டிவிட்டவர், நேரம் தீரும்போது எல்லாக் கேள்வியையும் முடித்தே ஆக வேண்டும் என்று ஓடத் தேவையில்லை. அதே நிதானத்தில், முடிந்தவரை சரியாக எழுதிக்கொண்டிருப்பதே அவருக்கு லாபம்.

85-க்குள் என்ன இருக்கிறது

85-இல் 15 கேள்விகள் மதிப்பிடப்படுவதில்லை. எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கப்படும் கேள்விகள் அவை. எவை என்று கண்டுபிடிக்க வழியில்லை, தேட முயல்வதும் வீண். மீதி 70-இல் 18 கேள்விகள் மூன்று கேஸ் ஸ்டடிகளிலிருந்து வருகின்றன, ஒவ்வொன்றிலும் 6. அந்த ஆறும் ஒரே நோயாளியைச் சுற்றி, குறிப்புகளைக் கவனிப்பது, அவற்றை அலசுவது, எது முக்கியம் என்று வரிசைப்படுத்துவது, தீர்வுகளை யோசிப்பது, செயல்படுவது, பலனை மதிப்பிடுவது என்று போகும். முதலில் தவறிவிட்டோமே என்று அடுத்த ஐந்தையும் கைவிட வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக மதிப்பிடப்படுகிறது.

பாடப் பகுதிகளின் பங்கும் கணினியின் கையில் கட்டுப்பாடாக இருக்கிறது. மருந்தியல் மட்டுமே வந்துகொண்டிருப்பதாகத் தோன்றினால் அது உங்கள் கற்பனை. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் குறிப்பிட்ட சதவீதம் வந்தே ஆக வேண்டும் என்பதால், ஒன்றை முழுதாக ஒதுக்கிவிட்டுத் தப்பிக்க முடியாது.

"பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடு" வகைக் கேள்வி நிறைய வந்தால் பாஸ் என்ற நம்பிக்கை பிடிவாதமாக நிலைத்திருக்கிறது. கேள்வியின் வடிவமும் அதன் கடினமும் வேறு வேறு. இந்த வகையில் எளிதானவையும் உண்டு, சாதாரண நான்கு விடைக் கேள்வியிலேயே வெகு கடினமானவையும் உண்டு.

அந்த வகையில் மதிப்பெண் எப்படிக் கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் பயன் தரும். 2023-க்குப் பிறகு பகுதி மதிப்பெண் உண்டு. 6 தெரிவுகளில் 3 சரி என்று வைத்துக்கொள்வோம். சரியானது ஒவ்வொன்றுக்கும் கூட்டல் 1, தவறானது ஒவ்வொன்றுக்கும் கழித்தல் 1, மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. மூன்று சரியும் ஒரு தவறும் தேர்ந்தால் 2. இரண்டு சரி மட்டும் தேர்ந்தாலும் 2. ஆறையும் தட்டிவிட்டால் 3 கழித்தல் 3, கைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே நிச்சயமாகத் தெரிந்ததைத் தேருங்கள், சந்தேகத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். ஆனால் "மூன்றைத் தேர்ந்தெடு" என்று எண்ணிக்கை சொல்லியிருந்தால் கழித்தல் கிடையாது, அங்கே மூன்றையும் நிரப்பியே ஆக வேண்டும். கழுத்தில் கட்டும் போ-டையின் வடிவில் கட்டங்கள் அமைந்த "போ-டை" கேள்வியின் ஐந்து கட்டங்களுக்கும் இதே கதைதான். "இது நடக்கக் காரணம் அது" என்று இணைத்துக் கேட்கும் கேள்விகளில் இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், ஒன்று தப்பினால் மற்றதும் போய்விடும்.

பின்னால் திரும்பிப் போக முடியாது, ஒரு கேள்வியை விட்டுவிட்டுத் தாண்டவும் முடியாது. முந்தைய விடையை வைத்துத்தான் அடுத்த கேள்வி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதால் அதை மாற்ற அனுமதிக்க முடியாது. முதல் சில கேள்விகள் தவறிவிட்டன என்று துவண்டுபோக வேண்டாம், இறுதி மதிப்பீடு எல்லா விடைகளையும் சேர்த்துப் பார்த்தே வருகிறது.

முடிவு வருமுன்

அமெரிக்கப் பதிவுக்கு எழுதியவர்கள், தங்கள் மாநில வாரியம் அந்தச் சேவையில் இருந்தால், 48 மணி நேரத்துக்குப் பிறகு சிறு கட்டணம் கட்டி "குயிக் ரிசல்ட்ஸ்" பார்க்கலாம். அது அதிகாரப்பூர்வமானது இல்லை, உரிமம் வாரியத்திடமிருந்துதான் வரும். இதற்குள் பலர், மறுபடியும் பதிவுசெய்து பணம் கட்டப் போனால் இணையதளம் தடுக்கிறதா (தடுத்தால் பாஸ் என்பது அவர்கள் நம்பிக்கை) என்று பார்க்கும் "தந்திரத்தில்" இறங்குகிறார்கள். கவுன்சில் இதை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. பணம் கழிந்துவிட்டால் 200 டாலர் கைவிட்டுப் போகும், கூடவே மனநிம்மதியும்.

ஃபெயிலானவர்களுக்கு ஒரு செயல்திறன் அறிக்கை வரும். அதில் மதிப்பெண் இருக்காது, ஒவ்வொரு பகுதியிலும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேல், அருகில், கீழ் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். எல்லாவற்றிலும் "அருகில்" என்று இருந்தால், அடிப்படையை மறுபடி ஆரம்பத்திலிருந்து படிப்பதைவிட முடிவெடுக்கும் பயிற்சிக் கேள்விகளில் நேரம் செலவிடுவது பொருத்தம். ஒன்றிரண்டு பகுதிகள் மட்டும் "கீழ்" என்றால் அங்கே பாடமே போதாமல் இருக்கிறது, புத்தகத்துக்குப் போக வேண்டும். அடுத்த முயற்சிக்குக் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் விதி, சில வாரியங்கள் தங்கள் நிபந்தனைகளையும் சேர்க்கும். மறுபடி பதிவு செய்வதற்குமுன் அவற்றை வாரியத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.