முழுநேரத் தலைமை ஆசிரியர்: சட்டம் தருவதும் அலுவலகம் தட்டிக்கழிப்பதும்

அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்றால், பழி முதலில் வகுப்பாசிரியர் மீதே விழுகிறது. அந்த ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடக்கும் விதத்தைக் கவனிக்கவும், பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து எவர் எங்கே தடுமாறுகிறார் என்று அவரோடு பேசவும், அதற்கேற்பக் கால அட்டவணையை மாற்றித் தரவும் வேண்டிய தலைமை ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. பல பள்ளிகளில் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது, அல்லது வகுப்பையும் எடுத்துக்கொண்டு எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழித் தகவல் பதிவேடு) பதிவு, சத்துணவுக் கணக்கு, சீருடை விநியோகம் ஆகியவற்றையும் சுமக்கும் ‘பொறுப்பு’ ஆசிரியர் ஒருவர் அதில் உட்கார்ந்திருக்கிறார். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பொதுவாக எழுத்தர் பணியிடம் இல்லாததால் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளவும் ஆள் இல்லை. முழுநேரத் தலைமை ஆசிரியர் வேண்டும் என்று கேட்கச் செல்லும் பெற்றோரை, ஏதோ சலுகை கேட்க வந்தவர்களைப் போல அலுவலகங்கள் நடத்துவதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்பது சட்டம் தந்திருக்கும் உரிமையை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் பொருந்தும். அதன் இறுதியில் உள்ள அட்டவணைதான் நமக்குத் தேவையானது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், ஐந்து ஆசிரியர்களும் அவர்களுக்கு மேலாக ஒரு தலைமை ஆசிரியரும் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் சேர்க்கை 100-ஐத் தாண்டினால் முழுநேரத் தலைமை ஆசிரியர் ஒருவர் வேண்டும்.

முதல் சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. நடுநிலைப் பள்ளியில் எட்டு வகுப்புகளுக்கும் சேர்த்து 130 பிள்ளைகள் இருப்பதைக் கொண்டு மனு எழுதினால் அது நிற்காது, ஏனெனில் அந்த 100 என்பது மேல் மூன்று வகுப்புகளுக்கு மட்டுமான கணக்கு. தொடக்கப் பள்ளியில் ஏமாற்றம் வேறு வழியில் வருகிறது. 160 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைமை ஆசிரியரையும் சேர்த்து ஐந்து பேர் இருந்தால், “ஐவர் இருக்கிறார்களே, போதும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சட்டம் சொல்வது ஐவரும் தலைமை ஆசிரியரும், அதாவது ஆறு பேர். தமிழ்நாட்டில் பணியிட நிர்ணயம், அதாவது ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று முடிவு செய்வது, ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு நடக்கிறது. ஆகவே அந்த நாளில் எமிஸில் பதிவான எண்ணையே மனுவில் எழுதுங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளைக் காட்டி வாதாடினால் அடுத்த ஆண்டு வரச் சொல்வார்கள்.

அடுத்தது காலியிடம். சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. அலுவலகத்தில் கேட்டால் மாவட்டத்தின் மொத்தக் கணக்கைக் காட்டி, நிலைமை நன்றாகவே இருக்கிறது என்பார்கள். அந்தப் பதிலை ஏற்காதீர்கள். கணக்கு பள்ளிவாரியானது, ஆறு பணியிடங்கள் உள்ள பள்ளியில் ஒன்று காலியானாலே அது பதினாறு விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறாதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது என்று சொன்னதைக் காரணம் காட்டி, தலைமை ஆசிரியர் இடங்களை இப்போது நிரப்ப இயலாது என்ற பதிலும் வரலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு, தேர்ச்சி பெற்றவர்களை நியமிப்பதைத் தடுக்கவில்லை; காலியிட வரம்பையும் அது தளர்த்தவில்லை.

தலைமை ஆசிரியர் இருந்தும் பள்ளியில் இல்லாத நிலை இன்னும் கொடியது. பிரிவு 25(2), ஒரு பள்ளியில் நியமிக்கப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்றச் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் வாய்மொழி உத்தரவில் ‘மாற்றுப்பணி’ நடந்துகொண்டே இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டுமே 27-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. தேர்தல் பணியிலும், வாக்காளர் பட்டியல் திருத்தம் போன்றவற்றை ஆசிரியர்களுக்கு விடுமுறை நாட்களிலும் பாடம் நடக்காத நாட்களிலும்தான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இலேயே கூறியிருக்கிறது.

மனுவுக்கு வருவோம். தனி ஒரு பெற்றோரின் பெயரில் கொடுத்தால் அந்தப் பிள்ளை மீது கோபம் திரும்பும் அச்சம் உண்டு. எனவே பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகக் கொண்டுபோவதே பாதுகாப்பு. குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். 2024-இல் தமிழ்நாட்டில் குழுக்கள் 24 உறுப்பினர்களோடு மறுபடி அமைக்கப்பட்டன. ஆனால் தீர்மானப் புத்தகம் பள்ளியில்தான் இருக்கும், எழுதுபவரும் பெரும்பாலும் ஆசிரியர்தான். வேலைக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் தாய்மார்களிடம் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி, பிறகு “குறைகள் ஏதுமில்லை” என்று நிரப்பிக்கொள்ளும் கொடுமை நடக்கிறது. எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். உடனே அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவின் தலைப்பிலேயே “கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 32-இன் கீழ் புகார்” என்று எழுத வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் அது சாதாரணக் கோரிக்கையாகி, வட்டாரக் கல்வி அலுவலரிடமிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கும், அங்கிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கும், பிறகு இயக்குநரகத்துக்குமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த வரி இருந்தால் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய கடமை உண்டாகிறது. சட்டம் ‘உள்ளூர் அதிகார அமைப்பு’ என்று குறிப்பிடுவதால், உள்ளாட்சி அமைப்புக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் சேர்த்தே முகவரியிடுங்கள்; அப்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முடியாது. தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை இல்லாமல் திரும்பாதீர்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டாம். அந்த மனுவும் பெரும்பாலும் அதே கல்வி அலுவலரின் மேசைக்குத்தான் வந்து சேரும்.

இதனுடன் சேர்த்து, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் ஒரு விண்ணப்பம் போடுங்கள். “ஏன் நிரப்பவில்லை?” என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். பணியிட நிர்ணய ஆணையின் நகல், தலைமை ஆசிரியர் பணியிடம் காலியான தேதி, பொறுப்பு வழங்கிய ஆணையின் நகல், மாற்றுப்பணி ஆணைகளின் நகல் என்று ஆவணங்களாகவே கேளுங்கள். வாய்மொழி உத்தரவாக இருந்தால் தருவதற்கு நகல் இருக்காது; ஆணை எதுவும் இல்லை என்று அவர்கள் எழுதித் தரும் பதிலே உங்களுக்குச் சான்று. முப்பது நாளில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

மூன்று மாதம் கழிந்தும் முடிவு வரவில்லை என்றாலோ, “மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்ற ஒற்றை வரிப் பதில் வந்தாலோ, குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு மாநில ஆணையத்துக்கு எழுதுங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. தீர்மானம், ஒப்புகை, தகவல் பதில் ஆகியவற்றின் நகல்களை இணைத்தால் போதும். இடையில், புகாரின் சூட்டைத் தணிக்க வேறு பள்ளியிலிருந்து ஒருவரைச் சில வாரங்களுக்கு அனுப்பிவைத்து, மனுவைத் திரும்பப் பெறும்படி கேட்பார்கள். அவருடைய ஆணையில் ‘தற்காலிகம்’ என்றோ ‘மறு உத்தரவு வரும்வரை’ என்றோ இருந்தால், திரும்பப் பெறும் கடிதத்தில் ஒருவரும் கையெழுத்திட வேண்டாம்.