ப்ரூஃப் வெள்ளி நாணயம்: தளம் கறுத்தும் முகம் வெளுத்தும் தெரிவது எப்படி?

"ப்ரூஃப் நாணயம் என்றால் புழக்கத்துக்கு வராத புது நாணயம்தானே, அதற்கு ஏன் இத்தனை மவுசு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ப்ரூஃப் என்பது நாணயம் அடிக்கப்பட்ட முறை. அதன் இப்போதைய நிலை அல்ல. கீறல் விழுந்து தேய்ந்து போனாலும் ப்ரூஃப், ப்ரூஃப்தான். புழக்கத்துக்கென்று அடித்தது எவ்வளவு புதிதாக இருந்தாலும் ப்ரூஃப் ஆகாது.

முறை இதுதான். மெருகேற்றிய வெள்ளி வில்லையை மெருகேற்றிய அச்சுகளுக்கு நடுவே வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் இரண்டு முறையாவது அடிப்பார்கள். முதல் அடியில் உலோகம் அச்சின் பள்ளங்களில் ஏறும். அடுத்த அடி தலைமுடி, இறகு போன்ற நுண்கோடுகளின் மூலைவரை அதை நிரப்பும். பிறகு மற்ற காசுகளோடு கொட்டிவிடாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள்.

இனி வருவதுதான் இதில் அழகான இடம். அச்சு என்பது நாணயத்தின் தலைகீழ் வடிவம். நாணயத்தில் மேடாக நிற்கும் முகம் அச்சில் பள்ளம். நாணயத்தின் வெறுந்தளம் அச்சில் மேடு. முழு அச்சையும் முதலில் நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் ஊறவைத்தால் அதன் பரப்பு முழுக்க நுண்குழிகள் விழும். அப்புறம் மேட்டை மட்டும் மெருகேற்ற வேண்டும். மெருகுக்கட்டை பள்ளத்துக்குள் இறங்காது. அங்கே சொரசொரப்பு அப்படியே தங்கிவிடும். ஒரே உலோகத் துண்டில் கண்ணாடியும் வெண்பூச்சும் அருகருகே வந்துவிட்டன!

ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான். பரப்பின் மேடுபள்ளம் அதைவிட மிகச் சிறிதாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பும். அதனால்தான் விளக்கைச் சற்றே விலக்கினால் தளம் கருங்கண்ணாடிபோல் இருண்டுவிடுகிறது. முகத்தின் சொரசொரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் எந்தக் கோணத்திலும் அது வெளுத்தே தெரியும். இந்த வேறுபாட்டைத்தான் சேகரிப்பாளர்கள் 'கேமியோ' என்கிறார்கள். மிக ஆழமாக இருந்தால் 'டீப் கேமியோ'.

ஆனால் அந்த நுண்குழிகள் நீடிக்காது. ஒவ்வொரு அடியிலும் வெள்ளி பள்ளத்துக்குள் உராய்ந்தபடி பாய்கிறது. சில பத்து நாணயங்களுக்குள் குழிகள் மழுங்கி முகமும் பளபளக்கத் தொடங்கும். 1936 முதல் 1970 வரையிலான அமெரிக்க ப்ரூஃப்களில் ஆழமான கேமியோ அபூர்வமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஒரே ஆண்டு, ஒரே அச்சு. ஆனாலும் அச்சைத் தயாரித்த உடனே விழுந்ததற்கும் பின்னால் விழுந்ததற்கும் விலை பல மடங்கு வேறுபடும். பிற்காலத்தில் அச்சின் மேல் மணல் வீசியும் குரோமியப் பூச்சிட்டும் ஆயிரக்கணக்கில் கேமியோ எடுக்கத் தொடங்கியபின், அதுவே சாதாரணமாகிவிட்டது. இன்றைய நாணயங்களில் 'முதல் அடி' என்று ஒட்டிவரும் சீட்டைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பேன். அது நாணயம் வெளிவந்த தேதியையொட்டிய சீட்டு; அச்சில் எத்தனையாவதாக விழுந்தது என்பதை அது சொல்லாது.

எண்ணிக்கை குறைவே விலையை ஏற்றுவதும் உண்டு. 1804 என்று பொறித்த அமெரிக்க வெள்ளி டாலரை உண்மையில் 1834-35இல்தான் அடித்தார்கள். சியாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் தரும் பரிசுப் பெட்டிகளுக்காக. அப்போது அடித்தவற்றில் அறியப்பட்டவை எட்டே எட்டு. அவற்றில் ஒன்று 2021இல் 76.8 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

வாங்கும்போது தளத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தை மெதுவாகச் சாய்த்து, உருப்பெருக்கியால் பாருங்கள். அச்சை மெருகேற்றியபோது அதில் விழுந்த கீறல் நாணயத்தில் மேடாக வரும். மெருகுக்கட்டை பள்ளத்தில் இறங்காததால் அந்தக் கோடு முகத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும். துணியால் துடைத்த கீறலோ பள்ளமாக இருக்கும். தளத்தைக் கடந்து முகத்தின் மேலும் ஓடும். முன்னது பிறப்பிலேயே வந்த அடையாளம். பின்னது சேதம், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஆகவே துடைக்காதீர்கள். பற்பசையும் சமையல் சோடாவும் வெள்ளியைப் பாதுகாக்கும் என்று பரவும் குறிப்புகள் எத்தனையோ நல்ல நாணயங்களைப் பாழாக்கியிருக்கின்றன. வெள்ளி மிருதுவான உலோகம். சொரசொரப்பான துகள் எதுவானாலும் கீறிவிடும். நாள்பட வெள்ளியின் மேல் படியும் கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாகும் வெள்ளி சல்ஃபைடு. அதைக் கரைக்கும் தயோயூரியா கரைசலில் முக்கினால் சல்ஃபைடாக மாறிவிட்ட வெள்ளியும் சேர்ந்தே போகும். அடிக்கடி முக்கினால் கண்ணாடித் தளமே மங்கிவிடும். பிவிசி உறையிலிருந்து பச்சைப் பிசின் படிந்திருந்தால் மட்டும், தூய அசிட்டோனில் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் ஊறவையுங்கள். தேய்க்காமல் புது அசிட்டோனில் ஒருமுறை அலசித் தானாக உலரவிடுங்கள். அதன்பின் அதே உறையில் திரும்பப் போடாமல், பாலியெஸ்டர் உறையிலோ காற்றுப்புகாத அக்ரிலிக் கூட்டிலோ, ஓரத்தை மட்டும் பிடித்து வையுங்கள். ரப்பர் பேண்டு கந்தகத்தை வெளிவிடும். அது பெட்டிக்குள்ளேயே இருக்கக் கூடாது.