நிழலை நம்பி வாழும் புல்

மாதவரத்திலிருந்து வாசகர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "கோயில் மரத்தடியில் மூங்கில் இலைபோல் படர்ந்திருக்கிறது. வேட்டியெல்லாம் விதை ஒட்டிக்கொண்டது. இது புல்தானா?"

புல்தான், ஒப்லிஸ்மெனஸ் பேரினம். இலை அகலமாக, குறுக்கே நெளிநெளியாக இருக்கும். தண்டு தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். கதிரிலுள்ள மீசையைத் தொட்டுப் பாருங்கள். சொரசொரத்தால் அது பர்மானி என்ற இனம். வழவழப்பாகப் பிசுபிசுத்து, மணிகளும் இடைவெளிவிட்டு இருந்தால் பெரும்பாலும் காம்போசிடஸ் என்ற இனம். உங்கள் வேட்டியில் ஒட்டியது அந்தப் பிசின்தான். காட்டில் அது விலங்குகளின் மயிரில் ஒட்டி ஊர் சுற்றும்.

எனக்குப் பிடித்த விஷயம் இலைக்குள் இருக்கிறது. ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். பக்கத்தில் ஒரு அருகம்புல் இலையையும் வையுங்கள். அருகம்புல்லில் நரம்புகள் நெருக்கியடித்து ஓடும். இதில் விலகி விலகி ஓடும். காரணம் ஒளிச்சேர்க்கை முறை. அருகம்புல், கரும்பு, சோளம் எல்லாம் சி4 என்ற முறையில் உணவு தயாரிக்கும் தாவரங்கள். கரும்பை ஆராய்ந்த ஹாட்ச், ஸ்லாக் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1966இல் அந்த வழிமுறையை விளக்கினார்கள். வெளிச்செல்கள் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள உறைச்செல்களுக்குள் அடைக்கின்றன. மோட்டார் வைத்து மாடித் தொட்டியை நிரப்புவதுபோல. அங்கே வாயு செறிந்திருப்பதால், கார்பன் டை ஆக்சைடை உணவாக்கத் தொடங்கும் ரூபிஸ்கோ நொதி, ஆக்சிஜனைத் தவறிப் பிடித்து நஷ்டப்படுவது வெகுவாகக் குறைகிறது. ஆனால் இதற்கு ஒவ்வொரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கும் 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) கூடுதல் செலவு. கொளுத்தும் வெயிலில் அந்தச் செலவு கட்டுப்படியாகும். மரத்தடியில் வரவே ஒளித்துணுக்குகள்தான். வெப்பமும் குறைவு, ரூபிஸ்கோ தவறுவதும் குறைவு. அதனால் ஒப்லிஸ்மெனஸ் நெல்லைப்போலச் சாதாரண சி3 முறையிலேயே வாழ்கிறது. மெல்லிய அகன்ற இலையை விரித்து, கிடைக்கும் வெளிச்சத்தையெல்லாம் வாரிக்கொள்கிறது.

மரத்தை வெட்டினால் வெயில் வரும், அருகம்புல் வரும், இது போய்விடும். வடசென்னையில் இத்தகைய நிழல் இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறது? உலக்கைப்பாலை, காசான் மரங்கள் அடர்ந்த கடலோர உலர் பசுமைக்காடு, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் இன்னும் இருக்கிறது. இந்தப் பக்கம் மிஞ்சியவை கோயில் தோப்புகள்தான். கிளை ஒடித்தால் சாமி குற்றம் என்பதை நான் நம்புவதில்லை. ஆனாலும் அந்த அச்சம் காத்த மரங்களுக்கு நன்றியோடு இருக்கிறேன். அச்சம் தளரும் காலத்தில் அறிவு அந்த இடத்தை நிரப்ப வேண்டும். தோப்புதோறும் புல்லைப் பார்த்துப் பெயரிடும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவே அல்ல.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: மரத்தடிக்கு சிமெண்ட் தளம் போடும் பேச்சு வந்தால், நிர்வாகிகளிடம் இந்தப் புல்லைக் காட்டுங்கள்.