பிக்சரெஸ்க்: ஓவத்தன்ன வீடும் ஒழுகும் கூரையும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. வாசலில் பழைய வேட்டியை விரித்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கூழ்வற்றல் பிழிந்துகொண்டிருந்தார். உடன் வந்த நண்பர் படம் எடுத்தார். பிறகு அவர் எழுதிய பயணக் கட்டுரையில் ஒரு வரி: "எழில் கொஞ்சும் சிதைந்த மாளிகை, வறுமையிலும் புன்னகைக்கும் மூதாட்டி." அந்த அம்மா சிரிக்கவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நண்பர் மனதில் இருந்தது 'பிக்சரெஸ்க்' (picturesque) என்ற ஆங்கிலச் சொல். அதைத்தான் 'எழில் கொஞ்சும்' என்று தமிழாக்கியிருந்தார்.

இத்தாலிய மொழியில் பிட்டோரே என்றால் ஓவியர். 'பிட்டோரெஸ்கோ' என்றால் ஓவியர் பாணியிலானது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் இந்தச் சொல்லைப் பரப்பியவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். படத்தில் பார்க்க இனிமையாக இருக்கும் அழகு என்று 1768-இல் பொருள் சொன்னார். 1770-இல் வேல்ஸ் எல்லையில் ஓடும் வை ஆற்றில் படகுப் பயணம் போய், 1782-இல் அதை நூலாக்கினார். அதில் டின்டர்ன் என்ற பழைய கிறித்தவ மடத்தின் இடிபாடு வருகிறது. சுவர் முகடுகள் ஒழுங்காக நிற்பது அவர் கண்ணை உறுத்துகிறது. சுத்தியலால் கொஞ்சம் உடைத்தால் நன்றாக இருக்கும் என்கிறார். அதே இடிபாட்டில் ஏழைகள் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். சரியாக நடக்க முடியாத ஒரு பெண் தட்டுத்தடுமாறி அவரைக் கூட்டிப்போய்க் காட்டிய இடம், இரண்டு இடிந்த சுவர்களுக்கு நடுவே அவள் குடியிருந்த ஈரப் பொந்து. அழகும் வறுமையும் ஒரே பக்கத்தில் நிற்கிற பயண எழுத்துக்கு இது பழைய முன்மாதிரி. சிதைவு இந்தச் சொல்லுக்குள் அப்போதே குடியேறிவிட்டது.

தமிழுக்கு வருவோம். 'எழில்' இதற்குப் பொருந்தாது. அதை 'எழு' என்ற வேரோடு சேர்த்துப் பார்ப்பார்கள். மழைமேகத்துக்கு 'எழிலி' என்று பெயர். எழுந்து வளர்வதன் அழகு அது, இடிந்து விழுவதன் அழகு அல்ல. நேர்ச்சொல் நம்மிடம் எப்போதோ இருந்திருக்கிறது. புறநானூற்றின் 251-ஆம் பாட்டு 'ஓவத்தன்ன இடனுடை வரைப்பில்' என்று தொடங்குகிறது. ஓவம் என்றால் ஓவியம். ஓவியம் போன்ற, இடம் அகன்ற மனை. கவனியுங்கள், அங்கே ஓவியம் போல் இருப்பது ஆள் நடமாடும் நல்ல வீடு. செட்டிநாட்டு வீடுகளும் அப்படிக் கட்டப்பட்டவைதான்: பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முகம் தெரியும் சுண்ணாம்புப் பூச்சு.

சரி, வறுமைக்கு நம் பயண இலக்கியம் என்ன செய்தது? வள்ளலிடம் போக வழி சொல்லும் சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில் ஓர் அடுக்களை வருகிறது. குட்டிகளுக்குப் பால் கொடுக்க முடியாமல் ஈன்ற நாய் குரைக்கிறது. கறையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, சுற்றத்தோடு உண்கிறாள். அதற்கு முன் கதவை அடைக்கிறாள், பிறர் பார்க்க நாணி. இதைச் சொல்பவனே அந்தப் பசியில் கிடந்த பாணன். வழியில் பார்த்தவன் அல்ல. எனக்கு இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

ஆகவே பிக்சரெஸ்க் என்பதற்கு 'ஓவியம் போன்ற' அல்லது 'ஓவியப்பாங்கான' என்றே எழுதலாம். தூணுக்கும் முகப்புக்கும் அது பொருந்தும். இடிந்த சுவருக்கும் ஆளுக்கும் வேண்டாம். அங்கே உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், ஏன் அப்படி ஆனது என்பதையும் சேர்த்து. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்ததும் அங்கே வட்டிக்குக் கொடுத்து வாங்கிய செட்டியார்கள் பலர் எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். பர்மாப் பணத்தில் எழும்பிய வீட்டுக்கு இன்று பங்காளிகள் பலர். ஓடு மாற்ற எல்லோரும் ஒத்துவர வேண்டும்.

நண்பரின் வரியை நான் இப்படி மாற்றிக் கொடுத்தேன்: "முகப்பு ஓவியம் போல் இருக்கிறது. இரண்டாம் கட்டில் ஓடு உடைந்து மழை இறங்குகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வற்றல் பிழிந்துகொண்டிருந்தார். படம் எடுத்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்."