அம்பாசிடரின் ‘டொக்’ எங்கிருந்து வருகிறது?

பழைய அம்பாசிடரில் முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டால் காலுக்கடியில் ஒரு ‘டொக்’. ரிவர்ஸ் போட்டால் இன்னொரு ‘டொக்’. பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் போய்விட்டதோ என்று பலரும் பயந்துவிடுவார்கள். அதைத் திறக்கும் முன் ஷாஃப்டின் கிராஸைப் பாருங்கள். அதுதான் மலிவு, அதுதான் முதலில் தேயக்கூடியதும்.

2014 வரை உத்தர்பாராவில் தயாரான இந்தக் காரில் இன்ஜின் முன்னால். உந்தும் சக்கரங்கள் பின்னால். கியர் பாக்ஸ் ஆடாது, பின் ஆக்சிலோ பட்டை ஸ்பிரிங்கோடு ஏறி இறங்கும். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் வளைந்து கொடுக்க வேண்டுமே, அதற்குத்தான் இரு முனையிலும் கிராஸ். கூட்டல் குறி போன்ற இரும்பு, நான்கு கை, ஒவ்வொரு கைக்கும் ஒரு கப், கப்புக்குள் ஊசி ஊசியாக ரோலர்கள்.

சாதாரண பேரிங்கில் ரோலர்கள் முழுச்சுற்று சுற்றும். இங்கே சில டிகிரி முன்னும் பின்னும் ஆடுவதோடு சரி. அதனால் ஒரே ஊசி ஒரே இடத்தையே அழுத்திக்கொண்டிருக்கும். பிதுங்கிப் போன கிரீஸ் திரும்பி வராது. தேய்ந்த கிராஸைக் கழற்றி அதன் கையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சீப்பின் பல்லில் ஓட்டுவது போல இருக்கும். கப் ஓரத்தில் செம்மண் நிறத் துருப்பொடி தெரிந்தால் கழற்றாமலே சொல்லிவிடலாம்.

சோதிப்பது எளிது. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் விடுங்கள். ஒரு கையால் ஷாஃப்டையும் மறு கையால் அது போல்ட்டால் இணையும் தட்டையும் (ஃபிளாஞ்ச்) பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். ஒன்று அசைந்த பிறகே மற்றது அசைந்தால் கிராஸ் போய்விட்டது. இரண்டும் சேர்ந்தே அசைந்து, பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் ‘டக்’ என்று கேட்டால் ஆட்டம் உள்ளே இருக்கும் பற்களில். பல்லுக்குப் பல் கொஞ்சம் இடைவெளி அங்கே இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சூடாகிக் கடித்துக்கொள்ளும்.

கிரவுன் பினியன் தேய்ந்தால் தட்டுவதைவிட ஊளையிடுவதே அதிகம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பல்லின் ஒரு முகமும், விடும்போது மறுமுகமும் சுமை தாங்குவதால் ஊளையின் சுருதி மாறும். வளைவில் திரும்பும்போது சத்தம் மாறினால் சக்கர பேரிங்கைச் சந்தேகியுங்கள். கிரவுனும் பினியனும் சேர்த்துத் தேய்த்து இழைத்த ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

கிராஸ் மாற்றும்போது ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன்பே இரு பக்கமும் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் ஒரு புள்ளி குத்திவிடுங்கள். கிராஸ் உள்ள இணைப்பு, அதாவது ஜாயிண்ட், வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டை இரண்டு முறை வேகப்படுத்தி, இரண்டு முறை மந்தமாக்கும். 10 டிகிரி வளைவில் இந்த ஏற்றமும் இறக்கமும் தலா சுமார் 1.5 சதவீதம். ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் மறுமுனை ஜாயிண்ட் இதைச் சரிக்கட்டும். ஷாஃப்டில் நீளவாக்கில் நழுவும் பல்வரி இணைப்பு (ஸ்பிளைன்) இருந்தால், அதை ஒரு பல் தள்ளி மாட்டினாலே வண்டி அதிரும்.

புது கப்பை வைஸில் வைத்து அழுத்தும்போது ஓர் ஊசி சாய்ந்தால் போதும், கப் முழுதாக இறங்காது, கப்பை வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சர்கிளிப்பும் உட்காராது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் உள்ள கிராஸ் என்றால் கடைசியில் கிரீஸ் அடித்துப் பாருங்கள். நான்கு கப்பிலும் பிதுங்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்தக் கப்பை மறுபடி கழற்றித்தான் ஆக வேண்டும்.