வரித்துறைக்குப் பதில் எழுதினால் வழக்குத் தொடுத்ததாகாது

அமெரிக்கச் சட்டக் கல்லூரி ஒன்றில் வரிச் சட்டம் கற்பிக்கும் நான், குறைந்த வருவாய் உள்ளோருக்காக மாணவர்களுடன் நடத்தும் வரி உதவி மையத்துக்குச் சென்ற வாரம் ஒரு துப்புரவுப் பணியாளர் வந்தார். மகனின் பள்ளிச் சான்று, மருத்துவரின் கடிதம், வாடகை ஒப்பந்தம் என ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். உழைப்பு வருவாய்க்கான வரிச் சலுகை பெற, பிள்ளை ஆண்டில் பாதிக்கு மேல் தம்முடன் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இதைவிட நல்ல சான்றுகளை இந்தப் பருவத்தில் நாங்கள் பார்த்ததில்லை. பையின் அடியில் கிடந்த நோட்டீஸிலோ கடைசி நாள் கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. "நான்தான் அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேனே" என்றார்.

இதை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கூடுதல் வரி கட்ட வேண்டும், மறுப்பதானால் 90 நாளுக்குள் வரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்று சொல்லும் 90 நாள் நோட்டீஸை ஐ.ஆர்.எஸ். எனப்படும் வரித்துறை அனுப்பிய பின், அந்தத் துறைக்கு நீங்கள் எழுதும் கடிதமோ, தொலைபேசியில் பேசும் பேச்சோ, பதிவுத் தபாலில் அனுப்பும் சான்றுகளோ கெடுவை ஒரு நாள்கூட நீட்டிக்காது. கடிதம் கிடைத்ததாக ஒப்புகை வந்தாலும், அதிகாரி கனிவாகப் பேசிப் பரிசீலிப்பதாகச் சொன்னாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். துறை வேறு, வரி நீதிமன்றம் வேறு. மனு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வரியை முன்கூட்டிக் கட்டாமலே வழக்காட அந்த மனு வழி செய்கிறது.

சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கும் மாணவர்கள்கூடச் சான்றுகளில் மூழ்கித் தேதியை மறந்துவிடுகிறார்கள். கோப்பின் மேலட்டையில் கடைசி நாளைச் சிவப்பு மையில் எழுதாதவருக்கு நான் மதிப்பெண் குறைப்பதுண்டு.

நோட்டீஸ் வந்தால் அன்றே பிரியுங்கள். கடைசி நாள் அதிலேயே அச்சாகியிருக்கும். உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். மனுக் கட்டணம் 60 டாலர், இயலாதவர்கள் விலக்குக் கேட்கலாம். 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசு மானியம் பெறும் எங்களைப் போன்ற மையங்கள், வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 250 விழுக்காட்டைத் தாண்டாதவர்களுக்குப் பெரும்பாலும் இலவசமாகவே வாதாடுகின்றன. தயவுசெய்து முதல் வாரத்திலேயே வாருங்கள். தக்க காரணம் இருந்தால் கெடுவைத் தளர்த்தலாம் என்று 2023-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். அது எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தாது, அதை நம்பி உட்காராதீர்கள்.

முழுத் தொகையையும் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு வழக்காடும் வழியும் உண்டு. வாடகைக்கே திண்டாடும் அந்தப் பெண்மணியிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தணிக்கையை மறுபரிசீலிக்கக் கோரும் விண்ணப்பத்தை மாணவர்கள் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் துறையின் விருப்பம்.